கலைஞரின் செல்வாக்கு யாருக்குச் செலவாகிறது?

2019 டிசம்பரில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில், நகைப்பட்டறைகள் நிறைந்த பழைய வட்டாரத்தில், தெருக்கலைஞர் பாங்க்ஸி ஒரு சுவரோவியம் வரைந்தார். தெருவோரப் பெஞ்சை ஒட்டிய செங்கல் சுவரில் பறந்து பாயும் இரண்டு கலைமான்கள். அவர் வெளியிட்ட காணொளியில் வீடற்ற ஒருவர் தன் பையைத் தலைக்கு வைத்து அந்தப் பெஞ்சில் படுக்கிறார். கேமரா பின்வாங்கும்போது பெஞ்சு கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியாகத் தெரிகிறது, படுத்திருப்பவர் அதில் பயணம் போகிறவராகத் தெரிகிறார். 20 நிமிடப் படப்பிடிப்புக்குள் அவ்வழியே போனவர்கள் அவர் கேட்காமலே சூடான பானமும் இரண்டு சாக்லேட்டும் ஒரு லைட்டரும் கொடுத்ததாகப் பாங்க்ஸி குறிப்பு எழுதினார். காணொளி உலகம் முழுக்கப் பரவியது. பிறகு யாரோ வந்து மான்களின் மூக்கில் சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போக, ஓவியத்தைக் காக்க அதன் மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் பலகை பொருத்தினார்கள்.

பாங்க்ஸியின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நகரம் எவ்வளவு வேகமாகச் செயல்பட முடியும் என்பதை அந்தப் பலகை காட்டிவிட்டது. மழைக்கும் மனிதருக்கும் எதிராக ஓவியத்துக்கு உடனே காவல் கிடைக்கிறது. பெஞ்சில் படுப்பவர்களுக்கு அப்படி ஓர் அவசரத்தோடு யாரும் எதையும் செய்வதில்லை. வீடற்றோருக்காகக் கலைஞர்கள் செய்யும் பணியை எடைபோட இந்த முரணிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்று நினைக்கிறேன். கலைஞர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள் அல்ல, அதிகாரிகளும் அல்ல. அவர்கள் கூப்பிட்டால் பத்திரிகையாளர் வருவார், நகரமன்ற உறுப்பினர் தொலைபேசியை எடுப்பார், காவலர் ஒரு நிமிடம் தயங்குவார். அவர்களிடம் உள்ள சொத்து இந்தச் செல்வாக்குதான். தெருவில் இருப்பவருக்கு அறவே இல்லாததும் இதுதான். ஒரு படைப்பு முடிந்த பிறகு இந்தச் சொத்து யார் கணக்கில் ஏறியிருக்கிறது என்று பார்த்தால், நல்ல பணி எது, வெறும் இரக்கம் எது என்பது ஓரளவு துலங்கிவிடும்.

இந்தக் கணக்கு பழையது. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற இடத்தில் பயிர் உறைந்துபோனதால் பட்டாணி பறிக்க வந்தவர்கள் வேலையில்லாமல் கிடந்த முகாமில், கூடாரத்தில் இருந்த ஒரு தாயையும் குழந்தைகளையும் புகைப்படக் கலைஞர் டாரதியா லாங்கே படமெடுத்தார். பின்னர் ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று பெயர் பெற்ற படம் அது. நாளிதழில் செய்தி வந்ததும் அரசு அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு அனுப்பியது. ஒரு படம் இவ்வளவு விரைவாகச் சோறு போட்டதற்கு வேறு உதாரணம் தேடுவது கடினம். கலையால் என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு செய்தியே போதும். ஆனால் உணவு வந்து சேர்ந்தபோது படத்திலிருந்த பெண் தன் குடும்பத்தோடு வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தார். அரசுப் பணிக்காக எடுக்கப்பட்ட படம் என்பதால் அது பொதுச்சொத்து. தபால்தலை வரை எங்கெங்கோ அச்சானது. 40 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நிருபர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது, அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்ற வருத்தத்தை அவர் மறைக்கவில்லை. 1983-இல் அவர் நோயில் கிடந்தபோதுதான், பிள்ளைகளின் வேண்டுகோளைக் கேட்டு முன்பின் தெரியாத மக்கள் பல ஆயிரம் டாலர் அனுப்பினார்கள். அதே ஆண்டு அவர் இறந்துபோனார்.

லாங்கே பணம் சம்பாதிக்க அந்தப் படத்தை எடுக்கவில்லை. அதனால்தான் இந்த உதாரணம் முக்கியமாகிறது. கலைஞர் நேர்மையானவராக இருந்தாலும், படம் நல்லது செய்தாலும், முகத்தைக் கொடுத்தவரின் கை வெறுங்கையாகவே இருந்துவிட முடியும். படம் எடுப்பதற்கும் அச்சிடுவதற்கும் காட்சிக்கு வைப்பதற்கும் ஏற்பாடுகள் உண்டு. படத்தில் இருப்பவருக்கு எது போய்ச் சேரவேண்டும் என்பதற்கு மட்டும் எந்த ஏற்பாடும் கிடையாது.

இதற்குக் கடுமையான ஓர் எதிர்வினை வந்தது. நியூயார்க்கின் பௌரி என்ற தெரு, குடிக்கு அடிமையாகி வீதிக்கு வந்தவர்களைப் படமெடுக்கப் புகைப்படக்காரர்கள் மொய்த்த இடம். கலைஞர் மார்த்தா ராஸ்லர் 1974-75-இல் அதே தெருவின் மூடிய கடைவாசல்களையும் காலிப் புட்டிகளையும் மட்டும் எடுத்தார். மனித முகம் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் போதையைக் குறிக்கும் சொற்களைத் தட்டச்சு செய்து ஒட்டினார். படமும் போதாது, சொல்லும் போதாது என்று அந்தப் படைப்பின் தலைப்பே ஒப்புக்கொள்கிறது. அடுத்தவர் அவலத்தைப் பறித்துக்கொண்டு போகமாட்டேன் என்ற அந்த மறுப்பை மதிக்கிறேன். ஆனாலும் அது கலைஞரின் மனசாட்சிக்கும் பார்வையாளரின் மனசாட்சிக்கும் நடக்கும் பேச்சு. அந்த வாசலில் படுத்திருந்தவருக்கு அதனால் தொல்லை இல்லை என்பது உண்மை. உதவியும் இல்லை.

கையில் பொருளோடு வந்தவர்களைப் பார்க்கலாம். மைக்கேல் ராக்கோவிட்ஸ் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது, கட்டடங்களின் வெப்பமூட்டும் இயந்திரங்கள் வெளியே தள்ளும் சூடான காற்று வீணாகப் போவதையும், அந்தக் காற்றுவாயின் மேல் குளிர்காலத்தில் மக்கள் படுப்பதையும் கவனித்தார். அங்கே படுக்க முடியாதபடி இரும்புக் கம்பித்தட்டுகளைச் சாய்த்து வைக்கும் வேலையும் அந்த ஊரில் நடந்தது. அதற்குமுன் ஜோர்டானில் பெதூயின் நாடோடிகளின் கூடாரங்கள் காற்றின் போக்குக்கு ஏற்ப அமைக்கப்படுவதை அவர் பார்த்திருந்தார். 1998 முதல், பிளாஸ்டிக் பைகளை ஒட்டி இரட்டைச் சுவர் கொண்ட ஊதற்கூடுகளைச் செய்யத் தொடங்கினார். குழாயைக் காற்றுவாயில் மாட்டினால் சுவர்களுக்கிடையே சூடான காற்று புகுந்து கூடு நிமிரும், உள்ளே கதகதப்பு நிற்கும். செலவு சுமார் 5 டாலர்.

முதல் கூட்டை அவர் கறுப்புக் குப்பைப் பைகளால் செய்தார். தெருவில் இருப்பவருக்கு மறைவுதானே முதலில் வேண்டும் என்பது அவர் கணிப்பு. பயன்படுத்தவேண்டியவர்கள் அதை ஏற்கவில்லை. தெருவில் மறைவு என்பதை அவர்கள் எப்போதோ மறந்துவிட்டார்கள். தூங்கும்போது யார் வந்து உதைப்பார்கள், யார் தீ வைப்பார்கள் என்பதுதான் அவர்களுடைய பயம். வெளியே இருப்பது தங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும், உள்ளே ஓர் ஆள் இருப்பது பிறர் கண்ணுக்கும் தெரியவேண்டும் என்றார்கள். ராக்கோவிட்ஸ் ஒளிபுகும் பைகளுக்கு மாறினார், படுத்தபடியே பார்க்க ஜன்னல்கள் வைத்தார். இந்த விஷயத்தில் நான் படித்த எந்தக் கோட்பாட்டையும்விட இந்த ஒரு திருத்தம் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. வீடற்றவரின் தேவை இன்னதென்று வீட்டிலிருந்து யோசிப்பவர் தன் தேவையையே யோசிக்கிறார். தப்பாகப் போகும் அந்த முதல் கூட்டைச் செய்யவும், திருப்பிக் கொடுக்கப்பட்டபோது வாங்கிக்கொண்டு வேறொன்று செய்யவும் ராக்கோவிட்ஸ் தயாராக இருந்தார். வரைபடத்தோடு வந்து வரைபடத்தோடு திரும்பும் வடிவமைப்பாளர்கள் எத்தனையோ பேர் உண்டு.

நியூயார்க்கில் இன்னொன்று நடந்தது. மூன்றரை அடிக்கு மேல் உயரமான எதுவும் கூடாரமாகக் கருதப்பட்டுச் சட்டவிரோதம் ஆகிவிடும் என்பதால், அங்கே ஒருவருக்காகச் செய்த கூட்டை அந்த அளவுக்குக் கீழே, தரையோடு தரையாக அமைத்தார்கள். சட்டத்தின் இடுக்கில் ஒரு மனிதர் படுத்துக்கொள்ள இடம் பிடித்தாகிவிட்டது. ஆனால் இதன் எல்லையும் இங்கேயே தெரிந்துவிடுகிறது. கூடு பிளாஸ்டிக்கால் ஆனது, கிழியும். கட்டட உரிமையாளர் காற்றுவாயை மாற்றினால் சுருங்கிவிடும். இது தீர்வு அல்ல, பிரச்சினை மறையும்போது இதுவும் மறையவேண்டும் என்று ராக்கோவிட்ஸ் தானே சொல்லிவந்திருக்கிறார். பிரச்சினை மறையவில்லை. கூட்டின் ஒரு பிரதி நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கிறது. சரியான வெப்பநிலையில், சரியான ஈரப்பதத்தில்.

அவருக்குப் பத்து ஆண்டுகள் முந்தைய கிறிஸ்டாஃப் வோடிச்கோவின் ‘வீடற்றோர் வண்டி’ இந்த இடத்தில் இன்னும் கூர்மையான சர்ச்சையை எழுப்பியது. போலந்தில் பிறந்த அவர், நியூயார்க்கில் காலி டப்பாக்களையும் புட்டிகளையும் பொறுக்கி ஒவ்வொன்றுக்கும் 5 சென்ட் வாங்கிப் பிழைப்பவர்களோடு கலந்து பேசி 1988-89-இல் அதை வடிவமைத்தார். பகலில் சரக்கு அள்ளலாம், இரவில் நீட்டி உள்ளே படுக்கலாம், முகம் கழுவத் தொட்டியும் உண்டு. பார்வைக்கு ஏவுகணை மாதிரி இருக்கும். ஒரு சில மாதிரிகளுக்கு மேல் அது செய்யப்படவில்லை. வீடு கேட்கவேண்டிய மனிதருக்கு வண்டி கொடுப்பதா என்று விமர்சித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு, ஆனால் குறி தவறிய கோபம் அது. பார்க்கிறவரைத் தொந்தரவு செய்ய வந்த வண்டி அது. பணக்கார வீதியில் இப்படி ஒரு பொருளுக்குத் தேவை இருக்கிறது என்பதே அவமானம் என்று அது கத்துகிறது. என் குறை வேறு. நான்கைந்து பேருக்குக்கூட அது நிரந்தர உடைமையாகவில்லை. கலந்தாலோசனையில் நேரத்தையும் அனுபவத்தையும் கொடுத்தவர்கள் பழைய பேரங்காடித் தள்ளுவண்டிக்கே திரும்பிப் போனார்கள். கலை வரலாற்றில் வண்டிக்கு ஓர் அத்தியாயம் கிடைத்தது.

வியன்னாவுக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. 1993-இல் அங்குள்ள செஸஷன் கலைக்கூடம் வோல்ஃப்காங் ஸிங்கலைக் கண்காட்சிக்கு அழைத்தது. தங்க இலைக் குவிமாடம் கொண்ட புகழ்பெற்ற கட்டடம் அது. வாசலைத் தாண்டி நடந்தால் கார்ல்ஸ்பிளாட்ஸ் சதுக்கம். வீடற்றோர் கூடும் இடம். மருத்துவக் காப்பீட்டு ஏற்பாட்டுக்கு வெளியே விழுந்துவிட்ட அவர்களுக்குச் சாதாரணப் புண்ணுக்கு மருந்து போடக்கூட வழியில்லை. ஸிங்கலும் சக கலைஞர்களுமாக எட்டுப் பேர் சுவரில் எதையும் மாட்டவில்லை. கலைக்கூடத்தையே அலுவலகமாக்கி 11 வாரம் உட்கார்ந்தார்கள். நன்கொடையாளர்களைப் பிடித்து ஒரு வண்டியை நடமாடும் மருத்துவமனையாக மாற்றினார்கள். ‘வோகன்கிளவ்ஸூர்’ என்ற அவர்களுடைய குழு அங்கேதான் பிறந்தது.

வண்டி கிடைத்தது. மருத்துவருக்குச் சம்பளம் யார் தருவது? நகர நிர்வாகம் இழுத்தடித்தது. குழுவினர் பின்னாளில் தாங்களே சொல்லியிருப்பதுபோல், ஜெர்மனியின் ‘டெர் ஷ்பீகல்’ இதழின் செய்தியாளர் ஒருவரிடம் பேசி, பொறுப்பிலிருந்த நகரமன்ற உறுப்பினரைப் பேட்டி காணச் செய்தார்கள். பேட்டியை வெளியிடும் எண்ணம் இல்லை. பெரிய பத்திரிகையில் பெயர் கெடுமோ என்ற அச்சம் வேலை செய்தது. பணம் ஒதுக்கப்பட்டது. பிறகு வண்டியை காரிட்டாஸ் தொண்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. லூயிஸ் பேருந்து என்ற பெயரில் 30 ஆண்டுகளுக்குப் பிறகும் அது வியன்னாத் தெருக்களில் மருத்துவர்களோடு ஓடுகிறது.

இந்தத் தந்திரம் நேர்மையா? ஒரு மக்கள் பிரதிநிதியிடம் நடக்காத ஒன்றை நடப்பதாகக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. அதே சமயம், அந்தப் பிரதிநிதியின் வாசலில் சதுக்கத்துக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாலும் கதவு திறந்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும். கலைக்கூடத்தின் பெயர், பத்திரிகையோடு இருக்கும் தொடர்பு, வெளிநாட்டு மதிப்பு ஆகிய அனைத்தையும் ஒரு மருத்துவரின் சம்பளமாக மாற்றிக் கொடுத்தார்கள். தன் செல்வாக்கைச் சல்லிக்காசு மிச்சமில்லாமல் அடுத்தவருக்காகச் செலவழிப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு சூரிச்சில், போதைக்கு அடிமையாகிப் பாலியல் தொழிலில் சிக்கித் தங்க இடமில்லாமல் அலைந்த பெண்களுக்காக, அரசியல்வாதிகளையும் செய்தியாளர்களையும் பாலியல் தொழிலாளர்களையும் ஒரே படகில் ஏற்றி ஏரியில் சுற்றவைத்து, மேசையைச் சுற்றிப் பேசவைத்து ஒரு தங்குவிடுதி பெற்றார்கள். கரையில் பேசாததை நடு ஏரியில் பேசினார்கள். எழுந்து போகவும் முடியாது, ஒலிவாங்கியும் இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. மருத்துவம் அரசின் கடமை. அதைக் கலைஞர்கள் நன்கொடையால் நிரப்பிக் கொடுத்தால் அரசு நிம்மதியாகக் கையைக் கழுவிவிடும். வண்டி 30 ஆண்டுகளாக ஓடுகிறது என்பதற்கு, 30 ஆண்டுகளாக அதற்கு வேலை இருக்கிறது என்றும் பொருள். இன்னொன்று, குழுவினர் வேகமாக வந்து வேகமாகப் போனார்கள். சதுக்கத்தில் இருந்தவர்கள் நோயாளிகளாகவே வந்து நோயாளிகளாகவே திரும்பினார்கள். என்ன செய்யவேண்டும் என்று தீர்மானித்தது எட்டுப் பேர். முதல் வாதத்துக்கு என்னிடம் பதில் உண்டு. புண்ணில் சீழ் பிடித்திருப்பவரிடம், அரசின் கடமை நிறைவேறும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. இரண்டாவதற்கு இல்லை. அது நியாயமான குறை.

கலைஞர்கள் வீடின்மையைப் பற்றிப் பேசும்போது அநேகமாகத் தாண்டிப் போய்விடும் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். வாடகை ஏறுவதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. நியூயார்க்கின் சோஹோவில் காலியான தொழிற்கூடங்களுக்குள் ஓவியர்கள் குடியேறினார்கள், கலைக்கூடங்கள் வந்தன, பின்னாலேயே பணம் வந்தது. 1980-களில் ஈஸ்ட் வில்லேஜிலும் இதே கதை. 1984-இல் ரோசலின் டாய்ச்சும் காரா ஜெண்டல் ரையனும் எழுதிய கட்டுரை, அங்கே முளைத்த கலைக்கூடங்கள் ஏழைகளை வெளியேற்றும் வேலைக்கு எப்படித் துணைபோயின என்று கலை உலகின் முகத்துக்கு நேராகவே கேட்டது. ராஸ்லர் 1989-இல் சோஹோவின் டியா கலை நிறுவனத்தில் ‘நீங்கள் இங்கே வாழ்ந்திருந்தால்’ என்ற மூன்று கண்காட்சிகளை நடத்தியபோது இந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை. வாடகைச் சட்டம், மலிவு விடுதிகளின் அழிவு, நிலவணிகம் ஆகியவற்றைச் சுவரில் ஏற்றினார். அத்தோடு, நகரமன்றப் பூங்காவில் முகாமிட்டுப் போராடியிருந்த ‘ஹோம்வர்ட் பவுண்ட்’ என்ற வீடற்றோர் அமைப்புக்குக் கண்காட்சிக்கூடத்துக்குள்ளேயே அலுவலகம் கொடுத்தார். பௌரியில் முகங்களைத் தவிர்த்த அதே கலைஞர், 15 ஆண்டுகள் கழித்து மேசை நாற்காலியோடு அவர்களை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். அந்தப் பயணம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கண்காட்சி முடிந்ததும் அலுவலகமும் முடிந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

அதே நகரத்தில் கலையின் துணை இல்லாமலே நடந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 1979-இல் ராபர்ட் ஹேய்ஸ் என்ற இளம் வழக்கறிஞர், பௌரியில் இருந்தவர்களுக்காக மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை எடுத்து வழக்குத் தொடுத்தார். 1981-இல் வந்த ஒப்பந்த ஆணையால், கேட்டுவரும் வீடற்ற ஆண்களுக்குப் படுக்கை கொடுக்கவேண்டியது நியூயார்க் நகரத்தின் சட்டக் கடமையானது. பின்னர் அது பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் நீண்டது. யார் பெயரில் வழக்கு நடந்ததோ, அவர் ஆணை கையெழுத்தாகும் முன்பே தெருவில் இறந்துவிட்டார். நான் மேலே பேசிய எல்லாப் படைப்புகளையும் சேர்த்தாலும் அந்த ஆணை கொடுத்த படுக்கைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வராது. இதைக் கலையைத் தாழ்த்துவதற்காகச் சொல்லவில்லை. கலைக்கு எது இயலும் என்பதை அளவு மாறாமல் பார்க்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வீடற்றோர் கையில் பிடித்து நிற்கும் அட்டைகளை விலைக்கு வாங்கிக் காட்சிக்கு வைப்பவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டெக்சாஸ் கலைஞர் வில்லி பாரோனெட் 1993 முதல் வாங்கிவருகிறார். விலையை எழுதியவரே சொல்கிறார், பேசி முடித்து, உட்கார்ந்து கதையும் கேட்கிறார். புகைப்படக் கலைஞர் ஆண்ட்ரெஸ் செரானோவும் நியூயார்க்கில் வாங்கினார். உடனே பணம் கைக்கு வருகிறது என்பதால் முகத்தை எடுத்துப்போவதைவிட இது மேல். ஆனால் அந்தக் கையெழுத்துக்குப் பின்னாளில் கூடும் மதிப்பில் எழுதியவருக்குப் பங்கு இல்லை.

பங்கு என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்கும் இடம் நாடகமேடை என்று எனக்குத் தோன்றுகிறது. லண்டனில் 1991-இல் தொடங்கிய கார்ட்போர்ட் சிட்டிசன்ஸ் குழு, பிரேசிலின் அகஸ்டோ போவாலின் மன்ற அரங்கை விடுதிகளுக்குக் கொண்டுபோனது. வீட்டை இழக்கும் ஒருவரின் கதையை நடிப்பார்கள், கெட்ட முடிவில் நிறுத்துவார்கள், மறுபடி முதலிலிருந்து நடிப்பார்கள். இந்த முறை பார்வையாளர் எவரும் “நிறுத்து” என்று சொல்லி மேடையேறி, நாயகனின் இடத்தில் நின்று வேறு வழி பார்க்கலாம். வீட்டுவசதி அலுவலரிடம் எந்தப் படிவத்தைக் கேட்பது, எந்த வாக்கியத்தைச் சொன்னால் கோப்பு மூடப்பட்டுவிடும் என்பது அந்தக் கூடத்தில் இருப்பவர்களுக்கு அத்துப்படி. அங்கே அவர்கள்தான் நிபுணர்கள். அபாயமும் உண்டு. நாயகன் வேறு மாதிரி நடந்திருந்தால் தப்பியிருப்பான் என்று காட்டிக் காட்டியே, வாடகையின் தவறை வாடகை கட்ட முடியாதவரின் தவறாக்கிவிடலாம். போவால் இதை உணர்ந்தவர். ரியோ டி ஜெனிரோவில் நகரமன்ற உறுப்பினராக இருந்த காலத்தில், மேடையில் மக்கள் சொன்ன வழிகளை மசோதாக்களாக்கி 13 சட்டங்களை நிறைவேற்றினார். சட்டம் வரை போகும் பாதை இருந்தால்தான் அந்த விளையாட்டுக்குப் பொருள்.

லாஸ் ஏஞ்சலிஸில் வீடற்றோர் செறிந்து வாழும் ஸ்கிட் ரோ பகுதியில் ஜான் மால்பீட் 1985-இல் தொடங்கிய லாஸ் ஏஞ்சலிஸ் பாவர்ட்டி டிபார்ட்மென்ட் என்ற நாடகக் குழு அந்தப் பாதையை விடாமல் பிடித்தது. நடிகர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருவாசிகள். 11 வாரத்தில் கிளம்பிவிடாமல், பல பத்தாண்டுகளாக அங்கேயே இருக்கிறார்கள். தங்கள் பகுதியின் வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகமும் ஆவணக்காப்பகமும் வைத்திருக்கிறார்கள். 2017-இல் அங்கே ஒரு சிறிய கோல்ஃப் மைதானம் அமைத்தார்கள். ஒவ்வொரு குழியும் நகரத்தின் நிலப் பயன்பாட்டு விதிகளின் ஒரு பகுதி. எந்த மனைக்கு எந்த வகை, யாருக்கு எவ்வளவு உயரம் கட்ட அனுமதி, மாற்றினால் யார் வெளியேறுவார் என்பதைப் பந்தடித்துக்கொண்டே தெரிந்துகொள்ளலாம். அதிகாரிகளும் ஆலோசகர்களும் மட்டும் படிக்கும் ஆவணத்தை, அதனால் இடம் இழக்கப்போகிறவர்கள் கையில் கொடுத்தார்கள். நகர மையத்துக்கான புதிய திட்டம் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. அதை எதிர்கொள்ள அப்பகுதி மக்களும் அமைப்புகளும் சேர்ந்து போராடினார்கள், இந்தக் குழுவும் அதில் சேர்ந்திருந்தது. 2023-இல் நகரமன்றம் ஒப்புதல் அளித்த திட்டத்தில், ஸ்கிட் ரோவின் ஒரு பகுதியில் புதிதாகக் கட்டும் குடியிருப்புகள் குறைந்த வருவாய்க்காரர்களுக்கானவையாகவே இருக்கவேண்டும் என்ற விதி இடம்பெற்றது. கோல்ஃப் மைதானம் அதைச் சாதித்தது என்று சொன்னால் பொய். கூட்டங்களில் எழுந்து நின்று மனையின் வகையைச் சொல்லி வாதாடியவர்கள் அதைச் சாதித்தார்கள். அந்த மொழியை அவர்கள் கற்றுக்கொண்ட இடங்களில் அந்த மைதானமும் ஒன்று.